நேரில் கேட்டு மனத்தில் தங்கிவிட்ட கச்சேரி எது? நெல்லைப் பக்கத்து அன்பர்கள் சொல்லுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். சில நாட்களுக்கு முன் என் பத்து வயது மகனை நெல்லையப்பர் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கியிருக்கும் இசைத் தூண்களுக்கு முன்னால் நின்றபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர் சிறு தூண் ஒன்றை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக் காட்டினார். மகன் தூணில் காதை வைத்துக் கேட்டான். அடுத்த தூணில் வேறோர் ஒலி வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இதை யாரும்மா வாசிப்பாங்க?" என்று கேட்டான். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாட்டு என்றால் கைப்பேசியிலிருந்து வருவது என்று நினைத்தே அவன் வளர்ந்திருக்கிறான். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்து வாசிப்பதையும், தொண்டை கட்டிக்கொண்டால் ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி எடுப்பதையும் அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று எண்ணி, இங்குள்ள மண்டபம் ஒன்றில் நடந்த மெல்லிசை நிகழ்ச்சிக்கு அவனைக் கூட்டிப் போனேன். எங்களுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டான். பாடியவர்களிடம் நான் குறை காணவில்லை. அவர்களுடைய குரல் எது, பெட்டியின் அதிர்வு எது என்பதைத்தான் என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

சிறுமியாக இருந்தபோது, என் தாயார் பிறந்த ஊரின் கோயில் கொடை விழாவில், அவர் மடியில் தலைவைத்துப் படுத்தபடி விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறேன். என்ன கதை பாடினார்கள் என்பது மறந்துவிட்டது. குடத்தின் ஒலி தரை வழியாக ஊர்ந்து வந்து காதுக்குள் இறங்கியது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் நேரில் கேட்டு, ஆண்டுகள் பல கழிந்த பின்பும் மறக்க முடியாமல் இருப்பது எது? அன்று என்ன நடந்தது, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் எழுதினால், மகனை எதற்கு, எப்படி அழைத்துப் போவது என்று முடிவெடுக்க எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி: அம்பாசமுத்திரம் வாசகர்

தங்கச்சி, குடத்தின் ஒலி தரை வழியாக வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் குழந்தைப் பருவத்து மயக்கம் அன்று. வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு பொருத்திக் கட்டி, குடத்தை வைக்கோல் புரிமணையின் மேல் அமர்த்தியிருப்பார்கள். குடக்காரர் ஒரு கையால் பத்தி என்னும் தட்டு மட்டையை எடுத்துக் குடத்தின் வாயில் அறைவார். மற்றொரு கையில் உள்ள நாணயத்தால் குடத்தின் வயிற்றைத் தட்டித் தாளத்தின் இடைவெளிகளை நிரப்புவார். வாயில் அறையும்போது கிளம்பும் அந்தக் கும்மென்ற ஒலியை முதலில் நெஞ்சுதான் உணரும், காது பிறகுதான் கேட்கும். மடியில் படுத்திருந்த பிள்ளைக்கு அது தரையில் தெரிந்ததில் வியப்பே இல்லை.

நான் மறக்க முடியாத இரவும் வில்லுப்பாட்டு இரவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பாபநாசத்து மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் கொடை. அந்தக் கோயிலில், தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனான பட்டவராயனுக்கும் ஒரு பீடம் உண்டு என்பதால், நள்ளிரவுப் பூசையான சாமக் கொடைக்கு முன்னால் முத்துப்பட்டன் கதை பாடுவது அங்கே வழக்கம். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிராமணனாகப் பிறந்த பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாமனாரின் மாட்டுக்கிடைக்குக் காவலாக நின்று உயிரை விட்டவன். காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலில் உள்ள பட்டவராயன் சன்னிதியில் இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்த மலையைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்பது வேறோர் ஊரில் கேட்பதைப் போன்றது அன்று. பாட்டில் வரும் ஆறும் காடும் நம் முதுகுக்குப் பின்னால் இருட்டில் இருக்கும்.

அன்று தலைமை தாங்கிப் பாடியவர் ஒரு பெண்மணி. பூங்கனி அம்மாளைப் போன்ற பெண்கள் வில்லுப்பாட்டில் பெரும்பெயர் பெற்றிருந்ததை நான் அறிந்திருந்தாலும், ஒரு பெண் வீசுகோல் பிடித்து நான் நேரில் கேட்டது அதுவே முதல் முறை. நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு, சற்றே கரகரத்த குரல். நாணில் இரண்டு கோல்களையும் வீசும்போது வில்லில் கட்டிய மணிகள் ஒரே நேரத்தில் சிலிர்த்துக் குலுங்கின. பட்டன் கள்வர்களை வென்று, இரத்தக் கறையைக் கழுவ ஓடைக்குக் குனிந்தபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். அந்த இடத்துக்கு வந்ததும் அவர் உரையாகச் சொல்வதை நிறுத்திவிட்டு முழுவதும் பாட்டாக எடுத்தார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். கூட்டத்தின் இடப்பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள், உரலைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மெல்ல அசைக்கத் தொடங்கினாள். பாடிக்கொண்டிருந்த பெண்மணி அதை எப்படிக் கண்டார் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. நடுவில் நூறு பேராவது இருந்தார்கள். அவர் கதையை மேலே நகர்த்தாமல், அதே இரண்டு அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு முறையும் வேகம் ஓர் இழை கூடியது. உடுக்கைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். குடக்காரர் கிழவியைப் பார்த்தார். பின்பாட்டுக்காரர்கள் "ஆமாம்" போடுவதை விட்டுவிட்டுச் சிங்கியை மட்டும் தட்டினார்கள். கால் மணி நேரம் இருக்கும். கிழவி எழுந்தாள், எழுந்ததும் பாட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டாக மாறியது. அவளுக்கு அருள் வந்து, ஆடி, திருநீறு கொடுத்து, மறுபடி சுவரோரம் வந்து தளர்ந்து உட்காரும் வரை அந்தப் பெண்மணி அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உட்கார்ந்தபின், ஒரு செம்புத் தண்ணீரைத் தன் கையாலேயே அவளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வில்லிசையை வானொலிக்கும் நகரத்து மேடைகளுக்கும் கொண்டுசென்று, 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய நிகழ்ச்சியையும் கேட்டு மகிழ்ந்தவன் நான். அது இல்லாவிட்டால் இந்தக் கலையின் பெயர்கூட வெளியூருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கோயில் முன்னால் நடக்கும் வில்லுப்பாட்டில், எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான் பாட்டின் நீளமே தீர்மானமாகிறது. அதைப் பதிவு செய்து பிறகு கேட்டால், ஏன் அந்த இரண்டு அடிகளை நாற்பது முறை பாடினார்கள் என்று கேட்பவருக்குப் புரியாது.

மகனைக் கூட்டிப் போவதாக இருந்தால் குடத்துக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி இல்லாத புறமாக உட்கார வையுங்கள். கொடைக்கு முந்தைய இரவான குடியழைப்பு அன்றே போய்விடுவது நல்லது. அன்று கூட்டம் குறைவு. அவன் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

மறுமொழி: சேரன்மகாதேவி வாசகர்

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி குடத்தைப் பற்றி எழுதியதும் எங்கள் பக்கத்து ஊரான காருகுறிச்சிதான் நினைவுக்கு வந்தது. மண்பாண்டத்துக்குப் பேர்போன அந்த ஊர்தான் நாகசுரத்துக்கும் பேர்போனது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான காருகுறிச்சி அருணாசலம், 1921இல் பிறந்து 1964இல், நாற்பத்து மூன்று வயதிலேயே மறைந்துவிட்டார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வரும் அவருடைய நாகசுரத்தைக் கேட்காத தமிழர் குறைவு. என் தந்தையார் அவர் வாசிப்பை நேரில் கேட்டவர். அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ராகத்தையோ கீர்த்தனையையோ அவர் சொல்லமாட்டார். எந்தத் தெருமுனையில் நின்று கேட்டார், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைத்தான் சொல்வார். அதனால், குடத்தின் பக்கத்தில் உட்காரச் சொன்ன அறிவுரையை நாகசுரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அது திறந்தவெளிக்கும் வீதிக்கும் என்று அமைந்த வாத்தியம். ரத வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசிப்பார்கள் அல்லவா, அதை ஐம்பது அடி தள்ளி நின்று கேட்டுவிட்டு, பிறகு வாத்தியத்தோடு சேர்ந்து நடந்து பாருங்கள். வீதி திரும்பும்போது ஒலியும் திரும்புவதை உங்கள் மகனே கண்டுபிடித்துச் சொல்வான்.

நான் மறக்க முடியாமல் இருப்பது ஒரு திருமண வீட்டில் கேட்டது. காலை முகூர்த்தம். மேடையில் சடங்குகள் நடந்துகொண்டிருக்க, ஓரத்தில் அமர்ந்து ஒரு வித்வான் கரகரப்பிரியாவை ஆலாபனை செய்துகொண்டிருந்தார். வந்தவர்கள் நலம் விசாரித்துக்கொண்டும், நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவர் எதையும் பொருட்படுத்தாமல் படிப்படியாக ஏறி, மேல் பஞ்சமத்தைத் தொட்டு நின்றார். நான் மூச்சு விடவும் மறந்திருந்த அந்த நேரத்தில், மேடையிலிருந்து ஒருவர் ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார். வித்வான் அந்த ஸ்வரத்திலிருந்து அப்படியே இறங்க வேண்டியதாயிற்று. தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் முழுவதும் பந்திக்குப் போய்விட்டது.

அவர் நாகசுரத்தை மடியில் கிடத்தினார். வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி, வாத்தியத்தில் தொங்கிய கொத்திலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்து, உதட்டில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, அதையும் கழற்றி, மூன்றாவதாக ஒன்றைப் பொருத்தினார். தவில்காரர் விரல்களில் போட்டிருந்த கூடுகளைக் கழற்றப் போனவர், அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு வித்வான் தொடக்கத்திலிருந்து வாசிக்கவில்லை. எந்த ஸ்வரத்தில் நிறுத்தப்பட்டாரோ அதே மேல் பஞ்சமத்தில் தொடங்கினார். கேட்டவர்கள் இரண்டு பாட்டிகள், நான், சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்ற தவசிப்பிள்ளை, அவ்வளவுதான். ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த ராகம் எங்களுக்காக நிறைவு பெற்றது. முடித்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். தவசிப்பிள்ளை அவர் கையைப் பிடித்து, உள்ளே அழைத்துக்கொண்டு போய், தானே இலை போட்டுப் பரிமாறினார்.

திருமண வீடுகளில் வாசிப்பைக் கேட்க யாரும் இல்லை என்று வருந்துவோர் பலர். பந்தியை ஒரு நடை தள்ளிப் போட்டுவிட்டு, மகனோடு அங்கே போய் உட்காருங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. கேட்பதற்கு ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் வாசிப்பவர் அவனுக்காகவே வாசிப்பார்.

மறுமொழி: நாங்குநேரி வாசகர்

உங்கள் மகனின் வயதில் எனக்குக் கிடைத்தது கணியான் கூத்து. சுடலைமாடன் கோயில் கொடை. வேறு எந்தப் பெரிய வாத்தியமும் கிடையாது. அண்ணாவி ஒரு காதைக் கையால் அணைத்துக்கொண்டு பாடுவார். பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் சலங்கை கட்டி ஆடுவார்கள். பின்னால் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள், அதாவது தோல் கட்டிய பறைகள். என்னைக் கட்டிப் போட்டது பாட்டோ ஆட்டமோ அன்று. கூத்துக்கு முன் மகுடக்காரர்கள் கோயிலுக்குப் பின்புறம் போய்க் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, மகுடத்தின் தோலை அந்த அனலில் காட்டினார்கள். காட்டுவதற்கு முன் தட்டினால் ஈரத்துணியைத் தட்டியது போல அமுங்கிய ஒலி. காட்டிக் காட்டித் தட்டத் தட்ட, அது இறுகிக் கணீரென்று வந்தது. ஓர் ஒலி எப்படி உண்டாகிறது என்பதை அன்று என் கண்ணால் பார்த்தேன். தூணில் காதை வைத்துக் கேட்ட பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியாது. ஆகவே கூத்துத் தொடங்கும் நேரத்துக்குப் போகாமல், அரை மணி நேரம் முன்னதாகவே கோயிலின் பின்பக்கம் போய் நில்லுங்கள்.

வருத்தத்துக்குரிய ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஒரு கொடையில், இரவு பத்து மணிக்கு என்று வரவழைத்திருந்த கணியான் குழுவை, வெளியூர் ஆர்கெஸ்ட்ரா முடியட்டும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள். மகுடத்தின் தோல் பனியில் தளர்ந்துவிடும். அந்த முதியவர் மூன்று முறை அதை அனலில் காட்டினார். மூன்று முறையும் அது ஆறிப் போயிற்று. சுடலைக்கு மகுடம் இல்லாமல் சாமக் கொடை நடத்த முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் பிடிவாதமாக நின்றதால், நள்ளிரவுக்குப் பிறகு அவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. நாலாவது முறையாகக் காய்ச்சி வந்து அடித்தார். அவர் ஒரு சொல் குறைபட்டுக்கொள்ளவில்லை. குறைபட வேண்டியவர்கள் கேட்கப் போயிருந்த நாங்கள்தான். கூத்துக்காரர்களை அழைத்தால் அவர்களுக்கு உரிய நேரத்தைக் கொடுங்கள் என்று உங்கள் ஊர்க் கமிட்டியில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மறுமொழி: திருநெல்வேலி டவுண் வாசகி

விடிய விடிய விழித்திருக்க இயலாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அக்கா. நீங்கள் போன அதே நெல்லையப்பர் கோயிலில், கூட்டம் இல்லாத ஒரு வார நாளில், பூசை வேளையில் ஓதுவார் பாடும்போது போய் நில்லுங்கள். திருஞானசம்பந்தர் இந்த ஊருக்கென்று பாடிய பதிகம் சாதாரிப் பண்ணில் அமைந்தது; இன்றைய வழக்கில் பந்துவராளி. ஒலிபெருக்கியும் பக்கவாத்தியமும் இன்றி ஒரே ஒரு குரல் கல் மண்டபத்தில் போய்த் திரும்பி வருவதை நான் கல்லூரியில் படித்த காலத்தில் கேட்டேன். அதன் பிறகு அந்தப் பதிகத்தை எங்கே கேட்டாலும் அந்த இடத்து எண்ணெய் வாசனை உடன் வருகிறது. பத்து நிமிடந்தான் ஆகும். அந்த ஊருக்குரிய பாட்டை அந்த ஊர்க் கோயிலிலேயே கேட்டது அவனுக்குப் பின்னாளில் நினைவிருக்கும்.

மறுமொழி: பாளையங்கோட்டை வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதியவை அனைத்தையும் மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மூன்று முறை ஆறிப்போன மகுடத்தைப் பற்றி மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னான்.

சென்ற வாரம் தாயாரின் ஊரில் கொடை. அம்பாசமுத்திரம் அண்ணாச்சி சொன்னபடி, குடியழைப்பு இரவிலேயே போய், குடத்துக்கு நாலடி தள்ளிச் சமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் அவன் கதையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குடக்காரரின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாணயத்தை அவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக இரண்டு முறை எழுந்து நின்றான்; பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். குடக்காரர் அதைக் கவனித்துவிட்டு, பாட்டு நடக்கும்போதே கையைச் சற்றே திருப்பிக் காட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு முன்பாகவே என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். வரத்துப் பாட்டு வந்தது, உடுக்கை உச்சத்தில் ஒலித்தது, பலர் அருள் வந்து ஆடினார்கள், அவன் அசையவில்லை. நானும் எழுப்பவில்லை. பின்னிரவில், பாடகர் தேநீர் குடிப்பதற்காக வில்லை நிறுத்தினார். அந்த நொடியே கண்ணை விழித்து எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா நிறுத்திட்டாங்க?" என்று கேட்டான்.

நாங்குநேரி வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் அடுத்து எந்தச் சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கிழமையை முன்கூட்டியே எழுதுங்கள். ஓலை கொளுத்துவதற்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.